கூடலூருக்கு எத்தனை டாக்டர்கள் தேவை? மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் போதுமா?

விடிவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப்புகள் கிளம்பிவிடும். கூடலூர், கம்பம், போடி பகுதிகளில் இருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவற்றில் இருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில்தான் ஊர் திரும்புவார்கள்.

அவர்கள் ஊரில் இல்லாத அந்த நேரத்தில்தான் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.பி. எனப்படும் புறநோயாளிகள் பிரிவு நடக்கிறது. காலையில் தொடங்கி மாலை 4 மணி வாக்கில் முடிந்துவிடும். அதாவது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. 'லீவு போட்டா கூலி போச்சு' என்பதுதான் நிலைமை.

ஓர் ஊருக்கு எத்தனை டாக்டர்கள் தேவை என்று அரசு எப்படித் தீர்மானிக்கிறது? அந்தக் கணக்கில் இந்த ஜீப் பயணம் எங்கேயாவது வருகிறதா? கேரள எல்லையை ஒட்டிய தேனி மாவட்டக் கூடலூரை வைத்துப் பார்ப்போம். (நீலகிரியில் இருக்கும் கூடலூர் வேறு.)

புறநோயாளி சிகிச்சை ஏன் அவ்வளவு முக்கியம்?

மருத்துவம் என்றாலே நமக்கு ஆபரேஷன், ஐ.சி.யூ., ஆம்புலன்ஸ்தான் ஞாபகம் வரும். ஆனால், ஒரு குடும்பம் டாக்டரைத் தேடிப் போகும் பெரும்பாலான தடவைகளில் படுக்கை தேவைப்படுவதில்லை. காய்ச்சல், இருமல், மூட்டு வலி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று போய், டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுதான் வழக்கம். இதுதான் புறநோயாளி சிகிச்சை.

செலவும் இங்கேதான் சத்தமில்லாமல் கூடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு தருகிறது. ஆனால், இவை அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. கிளினிக்கில் கொடுக்கும் ஃபீஸும், மெடிக்கலில் வாங்கும் மாத்திரையும் இதில் வராது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் பையில் இருந்து நேரடியாகக் கொடுப்பது 2021-22 கணக்குப்படி சுமார் 39 சதவீதம். புறநோயாளிச் செலவில் பெரும்பங்கு மருந்துக்குத்தான் போகிறது.

சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் ஓ.பி.யிலேயே கண்டுபிடித்துக் கட்டுக்குள் வைத்தால் மாத்திரையோடு போய்விடும். விட்டுவிட்டால் அதே ஆள் சில ஆண்டுகள் கழித்து பக்கவாதத்தோடோ சிறுநீரகக் கோளாறோடோ பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார். அப்போது காப்பீடு கைகொடுக்கும். ஆனால், உழைக்கும் உடம்பு திரும்பி வராது.

இப்போது எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

அடிப்படை மக்கள்தொகைதான். சுதந்திரத்துக்கு முன்பு, 1946-ல் அறிக்கை கொடுத்த போர் குழு, முதல் கட்டமாக 40 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு டாக்டர்கள் என்று பரிந்துரைத்தது. இன்று நடைமுறையில் உள்ள இந்தியப் பொது சுகாதாரத் தரநிலைகள் சொல்வது இது:

- ஆரம்ப சுகாதார நிலையம்: சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20 ஆயிரம் பேருக்கு ஒன்று.
- துணை சுகாதார நிலையம்: சமவெளியில் 5 ஆயிரம் பேருக்கு ஒன்று; மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3 ஆயிரம் பேருக்கு ஒன்று.
- நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்: சுமார் 50 ஆயிரம் பேருக்கு ஒன்று.

இந்த நிலையங்களுக்கு அரசு அனுமதித்த பணியிடங்கள் இருக்கும். 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அந்த இடங்களுக்கு டாக்டர்களைத் தேர்வு செய்கிறது. கலந்தாய்வு மூலம் ஊர் ஒதுக்கப்படும்.

மலைக்கும் பழங்குடிப் பகுதிக்கும் தனி அளவு கொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் எல்லா இடத்தின் தேவையும் ஒன்றல்ல என்பதை இந்தத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. ஆனால், அந்த வேறுபாட்டை நிலத்தின் அமைப்போடும் பழங்குடிப் பகுதி என்ற வகைப்பாட்டோடும் நிறுத்திக்கொள்கிறது. மக்களின் வேலை, வருமானம், கூலி நேரம் இவற்றுக்குக் கணக்கில் இடமில்லை.

கூடலூருக்குப் போட்டுப் பார்த்தால்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கூடலூர் நகராட்சியின் மக்கள்தொகை 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கணக்குக்கு 40 ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம்.

நகர்ப்புற அளவுகோல்படி பார்த்தால் ஒரு நிலையத்துக்கான ஆட்கள்கூட ஊரில் இல்லை. சமவெளி கிராமப்புற அளவுகோல்படி பார்த்தால் ஒன்றேகால் நிலையத்துக்குச் சற்று மேல் வரும். மலைப்பகுதி அளவுகோலைப் போட்டால் இரண்டு நிலையங்கள் வர வேண்டும். துணை சுகாதார நிலையங்களைப் பார்த்தால், சமவெளிக் கணக்கில் 8, மலைக் கணக்கில் 13.

ஊரும் அதே ஊர், ஆட்களும் அதே ஆட்கள். பெயர்ப்பலகையில் 'நகரம்' என்று இருக்கிறதா, 'மலை' என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் மாறுகிறது. கூடலூர் ஆட்சிமுறையில் நகராட்சி. வேலையில் திராட்சைத் தோட்டமும் நெல் வயலும் மலைத்தோட்டக் கூலியும் சேர்ந்த விவசாய ஊர். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இப்படிப்பட்ட ஊர்களுக்கு எந்த அளவுகோலும் சரியாகப் பொருந்துவதில்லை.

இன்னொரு சிக்கல், கணக்கெடுப்பே பழையது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை 2011-ன் எண்தான் பல திட்டங்களுக்கும் அடிப்படை.

கணக்கில் விடுபடுவது என்ன?

முதலாவது, நேரம். மாதச் சம்பளக்காரர் அரை நாள் பர்மிஷன் போட்டு டாக்டரைப் பார்த்துவிடலாம். தினக்கூலிக்கு அந்த வசதி இல்லை. ஜீப்பை விட்டால் அன்றைய வேலையே போய்விடும். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனால், அங்கே போவதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பலர், சாயந்திரம் திறந்திருக்கும் தனியார் கிளினிக்கில் காசு கொடுப்பதே லாபம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். இல்லையென்றால் நேராக மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகிறார்கள்.

இரண்டாவது, தூரம். கூடலூரில் இருந்து கம்பம் அரசு மருத்துவமனைக்குச் சுமார் 10 கி.மீ. சிறப்பு மருத்துவர் வேண்டும் என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உத்தமபாளையம், சின்னமனூர், தேனி எல்லாவற்றையும் தாண்டி 50 கி.மீ.க்கும் மேல். 2021 முதல் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது உதவிதான். ஆனால், போக, வர, வரிசையில் நிற்க ஒரு நாள் முழுசா போய்விடும். நோயாளி முதியவர் என்றால் கூடவே இன்னொருவரின் கூலியும் போகும்.

மூன்றாவது, எல்லை. இரவு தூங்குவது தேனி மாவட்டத்தில். பகல் முழுக்க இருப்பது இடுக்கி மாவட்டத்தில். கணக்கெடுப்பு அவர்களைத் தமிழ்நாட்டில் எண்ணுகிறது. நோய் வரும் நேரத்தில் அவர்கள் பல சமயம் கேரளத்தில் இருக்கிறார்கள். தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால், எஸ்டேட் லயத்திலேயே குடியிருக்கும் நிரந்தரத் தொழிலாளியை மனதில் வைத்துதான் அந்த ஏற்பாடு வளர்ந்தது. இன்று ஒரு தோட்டம், நாளை இன்னொரு தோட்டம் என்று ஜீப்பில் போய் வருகிறவரை அதில் பொருத்துவது கஷ்டம்.

நான்காவது, சராசரிக்குள் மறைந்துபோகும் சிறு குழுக்கள். கூடலூரை அடுத்த லோயர்கேம்ப் அருகே பளியன்குடி இருக்கிறது. பளியர் பழங்குடி மக்கள் வாழும் இடம். ஒரு நகராட்சியின் மொத்த மக்கள்தொகையில் சில நூறு பேர் பெரிய எண் இல்லை. அவர்களுக்காக மட்டும் 'பழங்குடிப் பகுதி' அளவுகோல் ஊருக்கே மாறிவிடாது. ஆனால், ஓ.பி. வரை வந்து சேருவதில் அவர்களுக்கு இருக்கும் தடை, மெயின் ரோட்டில் குடியிருப்பவருக்கு இருக்கும் தடை அல்ல.

மாநில அளவிலும் இதே கதைதான். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி 2019-21-ல் தமிழ்நாட்டில் வறியவர்கள் 2.20 சதவீதம் மட்டுமே. நாட்டிலேயே குறைவான அளவுகளில் ஒன்று. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறதா என்பதை அந்தக் குறியீடு அளப்பதில்லை.

தனியார் கிளினிக்குகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. நாடு முழுவதும் பார்த்தால், 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி மருத்துவமனையில் சேராமல் பெறும் சிகிச்சையில் சுமார் 30 சதவீதம் மட்டுமே அரசு நிலையங்களில் நடக்கிறது. மீதியில் பெரும்பகுதி தனியார். ஆகவே புறநோயாளி டாக்டர்கள் என்று பேசினால் தனியாரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

ஆனால், கிளினிக்கை எங்கே திறப்பது என்பதை டாக்டரே முடிவு செய்கிறார். 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவையும் குறைந்தபட்ச வசதிகளையும் பற்றிப் பேசுகிறது. 'இந்த ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த ஊருக்குப் போங்கள்' என்று சொல்லும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஃபீஸ் கொடுக்கும் ஆட்கள், லேப், ஸ்கேன் சென்டர், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் இவை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கிளினிக்குகள் கூடும். அதனால் மாநிலத்தில் மொத்தம் எத்தனை டாக்டர்கள் என்ற எண்ணில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தாலும், அவர்கள் எங்கே, எந்த நேரத்தில் கிடைக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்தார். ஜூலியன் டியூடர் ஹார்ட், வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பணியாற்றிய டாக்டர். 1971-ல் லான்செட் மருத்துவ இதழில் அவர் முன்வைத்த கருத்து, 'தலைகீழ் மருத்துவ விதி' என்று அறியப்படுகிறது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. மருத்துவம் சந்தையின் கையில் எவ்வளவு விடப்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த ஏற்றத்தாழ்வு கூடும் என்பதே அதன் சாரம்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஜெர்மனியில் பொதுக் காப்பீட்டில் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக் டாக்டர் தன் இஷ்டத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நாடு திட்டப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2019-ல் மாற்றப்பட்ட அளவுப்படி சுமார் 1,609 பேருக்கு ஒரு குடும்ப டாக்டர் என்பது அடிப்படை. மக்களின் வயது, பாலினம், நோய்ப்பளு ஆகியவற்றை வைத்து இந்த எண் பகுதிக்குப் பகுதி திருத்தப்படும். ஒரு பகுதியில் தேவையைப் போல 110 சதவீதத்துக்கு மேல் டாக்டர்கள் இருந்தால், புதியவர்களுக்கு அங்கே கதவு மூடப்படும்.

அங்கேயும் சராசரி ஏமாற்றியது. தலைநகர் பெர்லின் முழுவதும் ஒரே திட்டப் பகுதியாக இருந்தது. மொத்தக் கணக்கில் டாக்டர்கள் போதுமான அளவு இருந்தார்கள். ஆனால், வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் கூட்டமாகவும், ஏழைகளும் புலம்பெயர்ந்தோரும் அதிகம் உள்ள பகுதிகளில் குறைவாகவும் இருந்தார்கள். அதனால் 2020-ல் குடும்ப டாக்டர்களுக்காக நகரம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. வறுமையையும் நேரடியாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பது அந்த நாட்டு ஆய்வாளர்களிடையே நடக்கும் விவாதம்.

இங்கிலாந்தில் 2004 முதல் 'கார்-ஹில்' சூத்திரப்படி குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு அரசுப் பணம் போகிறது. முதியவர்கள், நீண்டகால நோயாளிகள், கிராமப்புறத் தூரம் போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பதிவான ஒருவர் ஒன்றரை ஆளாகக்கூட எண்ணப்படலாம். ஆனாலும், ஏழைப் பகுதிகளின் உண்மையான சுமைக்கு இது போதவில்லை என்ற விமர்சனம் நீண்ட நாளாக இருக்கிறது.

தமிழ்நாட்டின் கையில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2024-ல் அதன் நீட்சியாக, வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்கள் 2025 ஆகஸ்ட் முதல் சிறப்பு மருத்துவர்களை ஊர்களுக்கு அழைத்து வந்தன. மூன்றும் ஒரே உண்மையை ஒப்புக்கொண்டவைதான்: டாக்டர் இருக்கும் இடத்துக்கு எல்லோராலும் வர முடியாது.

ஆனால், கம்பம் பள்ளத்தாக்கில் இவை எங்கே முட்டுகின்றன? மாத்திரை வீட்டுக்கு வர, முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பகலில் வீடு பூட்டியிருந்தால் அதுவே தாமதமாகும். வேலையிடத்துக்குப் போகலாம் என்றால், அந்த இடம் வேறு மாநிலத்தில் இருக்கிறது.

டாக்டர்களைப் பின்தங்கிய இடங்களுக்கு வரவைக்கவும் தமிழ்நாட்டுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு. கிராமத்தில் வேலை பார்த்தால் எம்.டி., எம்.எஸ். படிக்கலாம் என்பதே பலரை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. 2016-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இதில் தடை ஏற்பட்டது. கடினமான, தொலைதூரப் பகுதியில் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் என்ற முறை முன்னுக்கு வந்தது. 2020 ஆகஸ்ட் 31-ல் அரசியல் சாசன அமர்வு, பணியில் உள்ளவர்களுக்கு ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

இந்த ஊக்க மதிப்பெண் விவகாரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எது 'கடினமான பகுதி' என்று பட்டியல் போட்டதுமே, அது சரியா, தவறா என்று வழக்குகள் வந்தன. அளவுகோல் தெளிவாக இல்லையென்றால் இப்படித்தான் ஆகும். சாலை வசதியை மட்டும் பார்த்தால், தேசிய நெடுஞ்சாலை மேலேயே இருக்கும் கூடலூர் கடினமான பகுதியே அல்ல.

என்ன செய்யலாம்?

ஓ.பி. நேரத்தை மாற்றுவது முதல் படி. இதற்கு எங்கேயும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. 2023 ஜூன் 6-ல் தமிழ்நாட்டில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் நேரம் காலை 8 முதல் 12, பிறகு மாலை 4 முதல் இரவு 8. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம், 2017-ல் தொடங்கிய 'ஆர்த்ரம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றி, மூன்று டாக்டர்களைப் போட்டு, ஓ.பி.யை மாலை 6 வரை நீட்டியது. ஜீப் திரும்பும் ஊர்களில் இரவு 8 மணி வரை ஓ.பி. இருந்தால், கூலியை விடாமலே டாக்டரைப் பார்க்கலாம்.

இரண்டாவது, மக்கள்தொகைக்கு எடை போடுவது. உதாரணத்துக்கு, தினக்கூலிக் குடும்பங்கள், முதியவர்கள், பழங்குடியினர், பெரிய ஆஸ்பத்திரிக்கான தூரம் இவற்றைச் சேர்த்து ஓர் ஊருக்கு 1.5 என்று எடை கிடைத்தால், 40 ஆயிரம் பேர் 60 ஆயிரமாக எண்ணப்படுவார்கள். சமவெளி அளவுகோலிலேயே இரண்டு நிலையங்கள் வந்துவிடும். 'மலை' என்ற பெயர் தேவையில்லை.

மூன்றாவது, தேனியும் இடுக்கியும் சேர்ந்து செய்ய வேண்டியது. ஒரு பக்கம் கண்டுபிடித்த சர்க்கரை நோய்க்கு மறுபக்கம் மாத்திரை கிடைக்கவும், ஜீப் ஸ்டாண்டிலேயே பரிசோதனை நடக்கவும் இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசினால் போதும். புதிய சட்டம் வேண்டாம்.

இதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. இருக்கிற டாக்டரையே இரவு 8 வரை உட்காரச் சொன்னால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? மாலை ஓ.பி. என்றால் கூடுதல் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப் ஆள் எல்லாம் வேண்டும். பெண் பணியாளர்கள் இரவில் வீடு திரும்ப வண்டி வேண்டும். பணியிடத்தை உருவாக்கிவிட்டு நிரப்பாமல் விட்டால், எடை போட்ட கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். எடை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பொதுவெளியில் சொல்லாவிட்டால், செல்வாக்குள்ள ஊர் முந்திக்கொள்ளும்.

இருந்தாலும் நேரம் இப்போது கூடிவருகிறது. 2027 கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் அரசின் பல அளவுகோல்களும் திருத்தப்பட்டே ஆக வேண்டும். யார் என்ன வேலைக்கு, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்ற கேள்விகள் 2011 கணக்கெடுப்பிலேயே இருந்தன. அந்தப் பதில்களை டாக்டர் பணியிடத்துக்கான கணக்கோடு சேர்த்துப் பார்க்கச் சுகாதாரத் துறை முடிவெடுத்தால், கூடலூர் போன்ற ஊர்களின் எண்ணிக்கை மாறும். இல்லையென்றால் 2011 எண்ணுக்குப் பதிலாக 2027 எண் வரும். ஓ.பி. வழக்கம்போல மாலை 4 மணிக்கு முடிந்துவிடும்.